பாதுகாப்புப் பண்பாடு: யாருக்குப் பரீட்சை?

பண்பாடு என்னுஞ் சொல்லை இலக்கியகாரரும் வரலாற்றாசிரியரும் மாத்திரமே எடுத்தாண்ட காலம் மலையேறிவிட்டது. இன்று எண்ணெய்க் கம்பெனிகளும் கட்டடக் கம்பெனிகளும் ஆடை வாங்கும் பெருவணிகரும் அதனைத் தமதாக்கிக்கொண்டுள்ளனர். 'பாதுகாப்புப் பண்பாடு' என்பது அவர்களது அறிக்கைகளிலே அடிக்கடி காணப்படும் சொற்றொடர். ஒரு பெரிய ஸ்தாபனம் தனது வேலையை ஓர் ஒப்பந்தகாரரிடம் ஒப்படைக்குமுன், அவரிடம் வேலைசெய்வோர் எத்தகைய மனப்பாங்கு உடையவர், ஆபத்தைக் கண்டால் வாய் திறப்பவரா, மேலாளர் அதற்குச் செவிசாய்ப்பவரா என்றெல்லாம் ஆராய்ந்து புள்ளியிடுகிறது. புள்ளி குறைந்தால் கொந்தராத்து இல்லை.

இம்முறை திருத்தமாக வளர்ந்துள்ள நாடுகளுள் ஒல்லாந்து முதன்மையானது. அங்கே ரயில் பாதைகளைப் பராமரிக்கும் 'புரோரெயில்' என்னும் ஸ்தாபனம் 'பாதுகாப்பு ஏணி' ஒன்றை வகுத்தது. ஏணிக்கு ஐந்து படிகள். முதற்படியில் நிற்பவர் விபத்தைத் தலைவிதி என்று விட்டுவிடுபவர். ஐந்தாம் படியில் நிற்பவர் பாதுகாப்பைத் தமது இயல்பாகவே கொண்டவர். உயர்ந்த படியில் நின்ற ஒப்பந்தகாரருக்குக் கேள்விப்பத்திரத்திலே சலுகை கிடைத்தது. 2016ஆம் ஆண்டிலே அந்நாட்டுக் கட்டளைகள் நிறுவனம் இவ்வேணியைப் பொறுப்பேற்றது. 2022 முதல், கட்டுமான வேலைகளை ஒப்படைக்கும் பெரிய ஸ்தாபனங்கள் பல, ஏணிச் சான்றைக் கேள்விப்பத்திரத்தின் நிபந்தனையாகவே ஆக்கிவிட்டன.

பரீட்சை வந்தால் அதற்கு ஆயத்தஞ் செய்யும் வகுப்பும் வரும். ஆசிரியர்களாகிய நமக்கு இது புதுமையன்று. மதிப்பீட்டுக் குழு வருமுன் ஒப்பந்தகாரரை ஆயத்தப்படுத்துவதற்கென்றே ஆலோசகர் தோன்றியுள்ளனர். வேலைத்தலத்தைத் துப்புரவாக்குதல், கிழிந்த கையுறைகளையும் உடைந்த தலைக்கவசங்களையும் மறைத்தல், காலைப் பாதுகாப்புக் கூட்டங்களுக்கான கையொப்பப் பதிவேடுகளை நிரப்புதல், நேர்முக வினாக்களுக்குத் தொழிலாளரைப் பழக்குதல் ஆகியன அவ்வாயத்தத்தின் அங்கங்களாகிவிடுகின்றன. நல்ல ஆலோசகர் இல்லாமலில்லை. வேலைத்தலத்தின் குறைகளை உண்மையாகவே திருத்தச் சொல்பவரும் உண்டு. ஆயினும், புள்ளிக்காகச் செய்யப்படும் ஆயத்தம் எங்கே போய் முடியும் என்பதை வகுப்பறையிலே நாம் நாள்தோறும் காண்கிறோம்.

இக்கட்டுரையின் வாதம் ஒன்றே. வேலையின் விலையையும் முடிவுத் தேதியையும் நிர்ணயிப்பவர் வேலையை ஒப்படைக்கும் ஸ்தாபனத்தார். ஆபத்தின் அளவை நிர்ணயிப்பனவும் பெரும்பாலும் அவ்விரண்டுமே. ஆகவே அவர்களைப் பரீட்சிக்காது, அவர்களுக்குக் கீழே கூலிக்கு நிற்பவனின் மனப்பாங்கை மாத்திரம் பரீட்சிக்கும் முறை, பாதுகாப்பின் பெயரால் நடைபெறும் பொறுப்புக் கழிப்பே ஆகும்.

என்னிடம் கல்விகற்ற மாணாக்கன் ஒருவன் கட்டட வேலை செய்கிறான். அவன் நேரடியாகப் பெரிய கம்பெனியின் ஊழியனல்லன். ஒப்பந்தகாரருக்குக் கீழுள்ள உப ஒப்பந்தகாரரிடம் நாட்கூலி பெறுபவன். ஒருநாள் இரண்டு பக்கத் தாளொன்றைக் கொண்டுவந்து, அதிலுள்ள ஆங்கிலத்தைத் தமிழிலே விளக்குமாறு கேட்டான். மதிப்பீட்டாளர் கேட்கக்கூடிய வினாக்களும் அவற்றுக்குரிய விடைகளும் அதிலே அச்சாகியிருந்தன. 'சாரம் உறுதியற்றது எனக் கண்டால் என்ன செய்வீர்?' என்பது ஒரு வினா. 'உடனே வேலையை நிறுத்தி மேற்பார்வையாளருக்கு அறிவிப்பேன். அவ்வாறு செய்ய எனக்கு முழு அதிகாரமும் உண்டு' என்பது விடை. விளக்கிச் சொன்னபின், "நீ எப்போதாவது அப்படி நிறுத்தியிருக்கிறாயா?" என்று வினவினேன்.

"நிப்பாட்டினால் அண்டைச் சம்பளம் இல்லை, சேர். நாளைக்கு வேலையும் இல்லை" என்றான்.

"அப்ப இந்த விடையை என்ன செய்யப்போறாய்?"

"பாடமாக்கப்போறன், சேர்."

இம்மறுமொழியிலே விடயம் முழுவதும் அடங்கிவிடுகிறது. அவ்விளைஞனுக்குப் பாதுகாப்பு அறிவு குறைவில்லை. உறுதியற்ற சாரம் எது என்பதை அதன்மீது ஏறி நிற்கும் அவன் மதிப்பீட்டாளரிலும் நன்கறிவான். அவனிடம் இல்லாதது அவ்வறிவின்படி நடப்பதற்கான வலிமை. ஒரு நாட் கூலியை இழக்காமல் 'நிறுத்து' என்று சொல்லக்கூடிய நிலை அவனுக்கு இல்லை. அந்நிலையை அவனுக்கு ஏற்படுத்திக் கொடுப்பதற்குப் பதிலாக, அந்நிலை இருப்பதாகச் சொல்லும் வாக்கியத்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

முன்னாளிலே வித்தியாதரிசி வருகிறார் என்றால் பள்ளிக்கூடம் எவ்வாறு கோலங்கொள்ளும் என்பதை மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வருகையிலும் அக்கோலத்திற்குக் குறைவில்லை. சுவரிலே புதிய படங்கள் ஏறும். கெட்டிக்காரப் பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவர். குழு போனதும் படங்கள் சுருட்டப்படும். பள்ளிக்கூடத்திலே இதனால் விளைவது கல்வியின் நட்டம். வேலைத்தலத்திலே விளைவது உயிர் நட்டம்.

தொழிலாளனின் மனமே விபத்தின் விளைநிலம் என்னும் கருத்து எங்கிருந்து வந்தது? 1931ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில், காப்புறுதிக் கம்பெனியொன்றிலே பணியாற்றிய ஹேர்பேட் ஹைன்ரிச் என்பவர் தொழில் விபத்துத் தடுப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொழில் விபத்துக்களில் நூற்றுக்கு 88 பங்கு மனிதரின் பாதுகாப்பற்ற செயல்களால் விளைகின்றன என்பது அவரது கணக்கு. இவ்வெண் தொழில்மேலாளரின் வேதவாக்காயிற்று. ஆனால் அவர் ஆராய்ந்த ஆவணங்கள் பெரும்பாலும் கம்பெனிகளும் காப்புறுதிக்காரரும் எழுதிவைத்த விபத்து அறிக்கைகளே. விபத்து நேர்ந்ததும் மேற்பார்வையாளன் பேனாவை எடுத்தால், 'எமது இயந்திரத்துக்குக் காப்பு இல்லை' என்று எழுதுவானா, 'தொழிலாளன் கவனக்குறைவாக இருந்தான்' என்று எழுதுவானா?

பிரித்தானியாவிலே இதே பல்லவி வேறு சுருதியில் ஒலித்தது. 1972ஆம் ஆண்டிலே வெளிவந்த றொபென்ஸ் பிரபுவின் குழு அறிக்கை, தொழில் விபத்துக்களுக்கு முதன்மையான தனிக்காரணம் அசட்டையே என்றது. இவர் யார்? 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி வேல்சிலுள்ள அபர்வான் கிராமத்திலே, மலைமீது குவிக்கப்பட்டிருந்த நிலக்கரிக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது, அக்கழிவைக் குவித்த தேசிய நிலக்கரிச் சபையின் தலைவராக இருந்தவர். அன்று மாண்ட 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அக்குவியலைப் பற்றி ஊரவர் முன்னரே அச்சந் தெரிவித்திருந்தனர். விசாரணை மன்று நிலக்கரிச் சபையையே குற்றஞ் சாட்டியது. அசட்டையாக இருந்தவர் யார் என்ற வினாவுக்கு அபர்வானின் கல்லறைகள் விடை கூறும்.

'பாதுகாப்புப் பண்பாடு' என்னும் சொற்றொடர் உலகெங்கும் பரவியது 1986ஆம் ஆண்டுச் செர்னோபில் அணு உலை விபத்தின் பின்னராகும். சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் ஆலோசனைக் குழு இதனை வழங்கியது. 1991இலே தனி அறிக்கை ஒன்றால் வரைவிலக்கணமும் வகுத்தது. இங்கே ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. செர்னோபில் முதலாளி ஒருவனின் ஆலையன்று. சோஷலிசத்தின் பெயரால் நடந்த அரசொன்றின் ஆலை அது. அவ்வுலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளின் அமைப்பிலே பெருங்குறை இருந்தது. விபத்துக்கு முன்பே நிபுணர் அதனை அறிந்திருந்தும், உலையை இயக்கியவருக்கு அது உரியவாறு எடுத்துச் சொல்லப்படவில்லை. அவ்வாலோசனைக் குழுவின் 1986ஆம் ஆண்டு அறிக்கை இயக்கியவர்மீதே பெரும்பழியைச் சுமத்தியது. 1992ஆம் ஆண்டு அறிக்கையோ அத்தீர்ப்பைத் திருத்தி, உலையின் அமைப்புக் குறையை முன்னிறுத்தியது. கீழே நிற்பவனிடம் உண்மையை மறைத்துவிட்டு, விபத்தின்பின் அவன் தலையிலே பழியைப் போடும் வழக்கம் எக்கொடியின் கீழ் நடந்தாலும் கொடுமையே. இதனை ஒப்புக்கொள்ளாத இடதுசாரிக்கு முதலாளியைக் குறைகூறும் தகுதியில்லை.

மதிப்பீடு நேர்மையாக நடந்தால் பயன் தருமன்றோ எனச் சிலர் கேட்கலாம். நேர்மையாக நடந்த இரண்டு மதிப்பீடுகளை எடுத்துக்கொள்வோம்.

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றி நகரிலே 'பி.பி.' கம்பெனிக்குச் சொந்தமான எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று இருந்தது. 1999ஆம் ஆண்டிலே, தனது சுத்திகரிப்பு ஆலைகளின் நிலையான செலவிலே நூற்றுக்கு 25 பங்கைக் குறைக்குமாறு கம்பெனி கட்டளையிட்டது. பின்னர் ஆலையின் பாதுகாப்பு நிலையை அறிய ஆய்வாளரை அமர்த்தித் தொழிலாளரிடம் விசாரித்தது. 2005ஆம் ஆண்டு ஜனவரியிலே அறிக்கை கிடைத்தது. இவ்வாலையிலே பேரழிவு நேரும் என்ற அச்சம் தொழிலாளரிடையே வழக்கத்திற்கு மாறாக மிகுந்துள்ளது என அது எச்சரித்தது. தொழிலாளர் வாய் திறந்திருந்தனர். மதிப்பீட்டாளர் அதனை எழுதியுமிருந்தனர். இரண்டு மாதங் கழித்து, மார்ச் 23ஆந் திகதி, எரிபொருள் நிரம்பி வழிந்து ஆலை வெடித்தது. 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர்.

மாண்ட 15 பேரும் ஒப்பந்தகாரரின் ஆட்கள். வேறொரு பகுதியின் திருத்த வேலைக்காக வந்தவர்கள். ஆபத்தான பகுதிக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிகக் கூடங்களே அவர்களுக்கு அலுவலகம். அப்பகுதி அன்று மீண்டும் இயக்கப்படுவதை அவர்களுக்கு அறிவிக்கவில்லை. இதைவிடக் கொடிய செய்தி ஒன்றும் உண்டு. விபத்தின்றி வேலைசெய்தமைக்காக அன்று அவர்களுக்குப் பகல்விருந்து நடந்தது. விருந்துண்டு திரும்பியவர்களே மாண்டனர். அவர்களது பாதுகாப்புப் பண்பாட்டிலே யார் என்ன குறை கண்டார்?

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. மெக்சிக்கோ வளைகுடாவிலே 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்னும் துளையிடு மேடை அதே 'பி.பி.'யின் எண்ணெய்க் கிணற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. மேடை 'டிரான்ஸ்ஓஷன்' என்னும் ஒப்பந்தகாரருடையது. 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாதுகாப்புப் பண்பாட்டு மதிப்பீட்டாளர் அம்மேடைக்கும் சென்றனர். தவறுகளை அறிவித்தால் பழிவாங்கப்படுவோம் எனத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் அஞ்சுவதை அவர்கள் கண்டனர். ஆபத்துக்களைக் குறித்துக்கொடுக்க வேண்டிய அட்டைகளிலே பொய்த் தகவல்கள் நிரப்பப்படுவதையும் அறிந்தனர். அட்டைகளின் எண்ணிக்கையையே பண்பாட்டின் அளவாகக் கொள்ளுமிடத்து அட்டை நிரம்புவதில் வியப்பென்ன?

ஏப்ரல் 20ஆந் திகதி இரு கம்பெனிகளின் பெரியவர்களும் மேடைக்கு வந்தனர். வேலைநாள் இழப்பை ஏற்படுத்திய விபத்தின்றி ஏழு ஆண்டுகள் கழிந்தமைக்காகத் தொழிலாளரைப் பாராட்டுவது அவர்களது நோக்கங்களுள் ஒன்று. கிணற்று வேலையோ அப்போது ஏறக்குறைய ஆறு வாரங்கள் பிந்தியிருந்தது. மேடையின் வாடகையோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் டொலர். அன்றிரவு கிணறு வெடித்தது. 11 பேர் மாண்டனர். ஒன்பதின்மர் டிரான்ஸ்ஓஷன் ஆட்கள். இருவர் மற்றோர் ஒப்பந்தகாரரின் ஆட்கள். வேலையை ஒப்படைத்த 'பி.பி.'யின் ஊழியர் எவரும் மாண்டோருள் இல்லை. மறு ஆண்டு ஏப்ரலிலே டிரான்ஸ்ஓஷன் தனது பங்குதாரருக்கு விடுத்த அறிக்கையில், பாதுகாப்புக் கணக்கின்படி 2010 தனது வரலாற்றிலேயே சிறந்த ஆண்டு எனக் கூறி, உயர் அதிகாரிகளுக்குச் சன்மானம் வழங்கியதைத் தெரிவித்தது. கண்டனம் எழுந்தபின் மன்னிப்புக் கேட்டது. ஆயினும் அக்கணக்கு பொய்க்கணக்கன்று என்பதே இங்கு அச்சந் தருவது. பதினொரு பிணங்களைத் தாண்டியும் 'சிறந்த ஆண்டு' என்று விடை வரக்கூடிய கணக்கைத்தான் அவர்கள் வைத்திருந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மதிப்பீடு உண்மையைச் சொன்னது. உண்மையைக் கேட்டபின் வேலையை நிறுத்தவோ, தேதியைத் தள்ளவோ, செலவைக் கூட்டவோ எவரையும் கட்டுப்படுத்தும் விதி இருக்கவில்லை. கட்டுப்பாடில்லாத உண்மை அலுமாரியிலே வைக்கப்படும் கோவையாகிவிடுகிறது.

இனி, உண்மையையே சொல்லாத மதிப்பீட்டைக் காண்போம். மேற்கு நாட்டு வணிகருக்கு ஆடை தைத்துக் கொடுக்கும் தெற்காசிய ஆலை முதலாளியும் ஓர் ஒப்பந்தகாரனே. கராச்சியிலிருந்த 'அலி என்ரர்பிறைசஸ்' என்னும் ஆலைக்கு 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 'எஸ்.ஏ. 8000' என்னும் சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. சில வாரங்களுக்குள், செப்டெம்பர் 11ஆந் திகதி, அங்கே தீ மூண்டு 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என 2020ஆம் ஆண்டிலே நீதிமன்றந் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் யன்னல்களுக்குக் கம்பி அடித்தவனும் வெளியேறும் கதவுகளைப் பூட்டியவனும் தீ வைத்தவனல்லன். அக்கம்பிகளையும் பூட்டுக்களையும் கண்டிருக்க வேண்டியவர் சான்றிதழ் கொடுத்தவர்.

பங்களாதேஷின் ரானா பிளாசாவை அறியாதார் இல்லை. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி அவ்வெட்டு மாடிக் கட்டடத்திலே வெடிப்புக்கள் தோன்றின. கீழ்த்தளத்திலிருந்த வங்கி தனது ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது, கடைகள் மூடப்பட்டன. மறுநாட் காலை ஆடைத் தொழிலாளர் மாத்திரம் உள்ளே போகுமாறு பணிக்கப்பட்டனர். பலர் மறுத்தனர், சம்பளம் வெட்டப்படும் என்ற மிரட்டல் வந்தது. உள்ளே போயினர். 1,134 பேர் மாண்டனர். அங்கிருந்த ஆலைகளுட் சில முன்னர் மதிப்பீட்டாளரால் சோதிக்கப்பட்டவை. கட்டடத்தின் உறுதி எமது சோதனையின் எல்லைக்குள் வரவில்லை என்பது பின்னர் வந்த சமாதானம்.

வங்கி ஊழியரும் ஆடைத் தொழிலாளரும் கண்டது ஒரே சுவரிலிருந்த வெடிப்பையே. பாதுகாப்பு உணர்விலும் இருசாராருக்கும் வேற்றுமையில்லை. தையற்பெண்கள் வாசலிலே நின்று மறுத்தமை அதற்குச் சான்று. ஒரு சாராரை வெளியே நிறுத்தி மறு சாராரை உள்ளே தள்ளியது சம்பளமும், கப்பலேற வேண்டிய ஆடைகளின் முடிவுத் தேதியுமே. இதனைப் பண்பாட்டுக் குறை என்று கூறுபவர் அப்பண்பாடு யாருடையது என்பதையுஞ் சேர்த்துக் கூறக் கடமைப்பட்டவர்.

இவ்வாதத்துக்கு மறுப்பாகக் கூறப்படுவன இரண்டு. பாடமாக்கிய விடையும் நாளடைவிலே பழக்கமாகும். ஆகவே ஒத்திகையும் நன்மையே என்பது முதலாவது. தலைக்கவசம் அணிவது போன்ற சில்லறைக் காரியங்களில் இது உண்மையாகலாம். வேலையை நிறுத்துதல் அத்தகைய பழக்கமன்று. அது ஒரு மோதல். கூலியை வெட்டக்கூடியவனின் முகத்துக்கு நேரே நின்று மறுக்கும் செயல். மோதலுக்கு வேண்டியது துணை. துணையின்றி வசனத்தை மாத்திரம் பாடமாக்கியவன் மோதல் வருகையிலே மௌனியாகிவிடுவான். இன்னொரு கேடும் உண்டு. தனது வாயாலே பொய் சொல்லிப் பழகிய தொழிலாளன், பாதுகாப்பு என்ற சொல்லையே நாளடைவில் பரிகசிக்கத் தொடங்குகிறான். உண்மையான எச்சரிக்கை வரும் நாளிலும் அவனுக்கு அது மற்றொரு நாடகமாகவே தோன்றும்.

ஒப்பந்தகாரருள் அயோக்கியர் பலர் உளர். வேலையை ஒப்படைப்போர் அவர்களைச் சோதியாது விடலாமா என்பது இரண்டாவது. விடலாகாது. ஆட்களை உயிர்ப்பலி கொடுத்து விலையைக் குறைக்கும் ஒப்பந்தகாரனுக்காக நாம் வாதாடவில்லை. ஆனால் மிகக் குறைந்த விலை கேட்டவனுக்கே வேலையைக் கொடுக்கும் ஸ்தாபனம் அத்தகையவனைத்தானே தேடிப் பிடிக்கிறது? விலைப்பட்டியலிலே பாதுகாப்புச் செலவை வெட்டியவனைத் தெரிந்தெடுத்துவிட்டு, நேர்முகத்திலே அவனது பாதுகாப்புப் பண்பாட்டை விசாரிப்பது, பிள்ளைக்குச் சோறு கொடாமல் நிறை பார்ப்பதை ஒக்கும். ஒப்பந்தகாரன் உப ஒப்பந்தகாரனைப் பிழிகிறான்; உப ஒப்பந்தகாரன் நாட்கூலியைப் பிழிகிறான். ஒவ்வொரு படியிலும் பணம் கழிந்து கழிந்து வர, ஆபத்து மாத்திரம் கழியாமல் முழுதாகக் கீழே வந்து சேர்கிறது.

பண்பாடு என்பது பண்படுதலின் வழிவந்த சொல். நிலம் ஏரால் பண்படும். நீராலும் எருவாலும் பண்படும். விளைச்சல் நன்று என்று பதிவேட்டிலே எழுதுவதால் எந்நிலமும் பண்பட்டதில்லை. அவ்வாறாயின் வேலைத்தலத்தைப் பண்படுத்தும் ஏர் எது?

அதற்கும் வரலாறு விடை தந்துள்ளது. ரானா பிளாசா இடிந்த சில வாரங்களில், 2013ஆம் ஆண்டு மே மாதம், ஆடை வாங்கும் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்குமிடையே பங்களாதேஷ் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நாளடைவிலே 200க்கு மேற்பட்ட கம்பெனிகளையும் 1,600க்கு மேற்பட்ட ஆலைகளையும் அது தழுவியது. அதன் சிறப்பு சோதனை நடத்தியமையன்று. சோதனையின் முடிவுகள் பகிரங்கப்படுத்தப்பட்டன. திருத்த வேலைக்குப் பணம் கிடைக்க வழிசெய்வது வாங்கும் கம்பெனியின் கடமையாக்கப்பட்டது. ஆபத்தான கட்டடத்துள் புக மறுக்கும் உரிமை சம்பள இழப்பின்றித் தொழிலாளருக்கு உறுதியாயிற்று. உடன்படிக்கையை மீறிய கம்பெனியைத் தொழிற்சங்கம் நடுத்தீர்ப்பு மன்றுக்கு இழுக்கலாம். அவ்வாறு இழுக்கப்பட்ட கம்பெனியொன்று 2018ஆம் ஆண்டு ஜனவரியிலே 23 இலட்சம் டொலர் தர உடன்பட்டது. பரீட்சகனே பரீட்சைக்கு அமர்ந்த அரிய நிகழ்ச்சி இது.

பிரித்தானியத் தொழிற்சங்கங்கள் பெற்ற உரிமையும் கவனிக்கத்தக்கது. றொபென்ஸ் அறிக்கையின் வழிவந்த 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 1977ஆம் ஆண்டு விதிகளால், வேலைத்தலத்தைச் சோதிக்கவும் விபத்தை விசாரிக்கவும் அதிகாரம் பெற்ற பாதுகாப்புப் பிரதிநிதிகளைச் சங்கங்களே நியமிக்கலாயின. அந்நாட்டின் 2015ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகளோ, போதிய காலமும் வளமும் ஒதுக்கும் கடமையை வேலையை ஒப்படைப்பவர் மீதே சுமத்துகின்றன. காலம் என்ற சொல் சட்டத்திலே ஏறியது சிறிய காரியமன்று. அவசரமும் ஒரு விபத்துக் காரணம் என்பதற்கும், அவசரத்தை விளைவிப்பவர் யார் என்பதற்கும் அது சட்டம் அளித்த அங்கீகாரம்.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 155ஆவது சமவாயம் 1981ஆம் ஆண்டிலே நிறைவேறியது. உயிருக்கு உடனடியாகப் பேராபத்து உண்டென நியாயமாகக் கருதி வேலையைவிட்டு விலகும் தொழிலாளன் தண்டிக்கப்படலாகாது என்பது அதன் 13ஆம் உறுப்புரையின் சாரம். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாதுகாப்பான வேலைச்சூழல் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கப்பட்டு, அச்சமவாயமும் அடிப்படைச் சமவாயங்களுள் சேர்க்கப்பட்டது.

நமது நாட்டுக்கு இவை அந்நியச் செய்திகளல்ல. 1978ஆம் ஆண்டிலே கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட நாள் தொடக்கம், நமது கிராமத்துப் பெண்கள் வெளிநாட்டு வணிகருக்கு ஆடை தைத்து வருகின்றனர். அவ்வணிகரின் மதிப்பீட்டாளர் இங்கும் வருகின்றனர். அவர்களுக்கான ஒத்திகை இங்கும் நடக்கிறது. நமது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. மேலே ஒரு கம்பெனி, கீழே நாலடுக்கு ஒப்பந்தகாரர் என்ற இன்றைய அமைப்பை அன்று அதனை வரைந்தோர் கண்டவரல்லர். அரசாங்கப் பரிசோதகர் நிற்க வேண்டிய வாசலிலே, சோதிக்கப்படுவோரின் பணத்திலும் வாங்குவோரின் பணத்திலும் வாழும் மதிப்பீட்டாளர் வந்து நிற்கின்றனர்.

இந்நிலையிலே ஆசிரியரும் மாணாக்கரும் செய்யக்கூடியது யாது? நாம் கற்பிக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலார் நாளை இத்தகைய வேலைத்தலங்களுக்கே போவர். பாடமாக்கிய விடைக்குப் புள்ளியிட்டு அவர்களை வளர்த்துவிட்டு, அங்கே போய் வாய் திறந்து கேள்வி கேட்பர் என எதிர்பார்க்க இயலாது. வகுப்பறையிலே வினாவ இடங்கொடுத்தல் இலக்கியக் கல்விக்கு மாத்திரம் உரிய காரியமன்று. அது ஒருவகையில் விபத்துத் தடுப்புமாகும். அடுத்து, தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு நில்லாது மதிப்பீட்டு அறைக்குள்ளும் புகவேண்டும். ஒப்பந்தகாரரின் ஆட்களை, உப ஒப்பந்தகாரரின் நாட்கூலிகளை, நிரந்தர ஊழியரோடு ஒரே சங்கத்திற் சேர்க்கவேண்டும். மதிப்பீட்டுக்கு முன்னர் ஆயத்தம் நடக்கத்தான் வேண்டும். அது தொழிலாளரின் ஆயத்தமாக இருக்கட்டும். அவர்களது பிரதிநிதிகள் வேலையை ஒப்படைப்போர் முன்னே நான்கு வினாக்களை வைக்கட்டும்.

நீங்கள் ஒப்புக்கொண்ட விலையிலே பாதுகாப்புக்கென ஒதுக்கிய தொகை எவ்வளவு, அது எத்தனை அடுக்குத் தாண்டி எங்களிடம் வந்து சேர்கிறது? ஆபத்தைக் கண்டு வேலையை நிறுத்தினால் அன்றைய கூலியை யார் தருவார்? நிறுத்தியதால் வேலை பிந்தினால் ஒப்பந்தகாரர்மீது விதிக்கும் தண்டப்பணத்தைக் கைவிடுவீர்களா? சென்ற முறை நாங்கள் கூறிய குறைகள் எவை, அவற்றுள் திருத்தப்பட்டவை எவை என்பதைப் பகிரங்கப்படுத்துவீர்களா?

இந்நான்குக்கும் எழுத்திலே விடை தந்து கையொப்பமிடும் ஸ்தாபனம் வந்து நமது தொழிலாளரின் பண்பாட்டை மதிப்பிடட்டும். அத்தகைய மதிப்பீட்டுக்கு ஒத்திகையே வேண்டியதில்லை. விடை தர மறுக்கும் ஸ்தாபனத்துக்கோ பிறர்க்குப் புள்ளியிடும் அருகதை இல்லை.